நாலு தட்டு மௌனம்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று கேட்டால் நேராகச் சொல்லிவிடுகிறேன். நான் எழுதிய இரண்டு வார்த்தைப் பொய்யிலிருந்து வந்தது.

"மரபுப் பாடல்."

ஒரு ப்ளூஸ் ராக் ஆல்பத்தின் பின்னட்டையில், நாலாவது பாட்டுக்கு நேரே, எழுதியவர் பெயர் வரவேண்டிய இடத்தில் அச்சாகியிருக்கிறது. மற்ற எட்டுப் பாட்டுக்கும் ஆள் இருக்கிறது. இதற்கு மட்டும் ஆள் இல்லை.

ஆள் இருந்தாள். நான் அவள் பெற்ற மகள்.

இப்போது அந்த ஆல்பத்தை மறுபடி கொண்டுவருகிறார்கள், பெரிய கறுப்பு இசைத்தட்டாக. கம்பெனியிலிருந்து திங்கட்கிழமை மெயில் வந்தது: "பின்னட்டையில் திருத்தம் இருந்தால் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் அனுப்பவும். அதற்குப் பின் மாற்ற இயலாது." பின்னட்டை எழுதியவள் நான் என்பதால் எனக்கு வந்தது. ஒரு வரி பதில் போட்டால் வேலை முடிந்தது. அந்த ஒரு வரி வராமல் இவ்வளவும் வந்துகொண்டிருக்கிறது. ஆக, நீங்கள் படிப்பது ஒரு மெயிலுக்கான பதில்தான். கொஞ்சம் நீண்டுவிட்டது.

2

தொடக்கம் ஒன்று:

"ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் நீராவி மேகமாய்ச் சூழ்ந்திருக்க, அம்மா தன் சோகத்தையெல்லாம் பாட்டாக்கிக்கொண்—"

அடித்துவிட்டேன். நீராவி மேகம் மாதிரி இருக்காது, மூக்கு ஒழுகும். சோகம் வந்தால் அம்மா பாடவும் மாட்டாள். பாத்திரத்தை ஓங்கி வைப்பாள்.

தொடக்கம் இரண்டு:

"உழைப்பவர்களின் மூச்சிலிருந்து பிறந்த ப்ளூஸ் என்னும் இசைவடிவம், காலந்தோறும்..."

இது பரீட்சைத் தாள். எங்கள் வீட்டில் கல்லூரிப் படியை முதலில் மிதித்தவள் நான். அங்கே நான் கற்ற முதல் வித்தை, என் வீட்டைப் பற்றி, யாரோ ஒருவர் வீட்டைப் பற்றி எழுதுவதுபோல் எழுதுவது. நல்ல மார்க் வாங்கினேன்.

தொடக்கம் மூன்று:

"அம்மா மூக்குக்கண்ணாடியை மறந்து வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டாள்."

இது நிற்கிறது. உண்மை என்பதால் இருக்கலாம். இதிலிருந்தே போகிறேன்.

கண்ணாடியை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். மூன்று வருடத்துக்கு முன்னால். கீழ்த்தளத்தில் லாண்டிரி. சுவரோரம் நாலு துவைக்கும் மெஷின், எதிர்ச்சுவரில் மூன்று உலர்த்தும் மெஷின், நடுவில் ஒரு நீள மேசை. அங்கே படுக்கை விரிப்பை யாரும் விரிப்பு என்று சொல்ல மாட்டார்கள். 'வெள்ளை' என்பார்கள். "இன்னும் எத்தன வெள்ளை இருக்கு?" "மேல் வார்டு வெள்ளை வந்துச்சா?" இப்படி.

ஒரு வெள்ளையை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு மூலை. இழுத்துப் பிடித்து உதறி, ஒருவரையொருவர் பார்த்து நடந்து வந்து, மூலையோடு மூலை சேர்த்து, ஒருத்தி கையிலிருந்து மற்றவள் வாங்கிக்கொள்ள வேண்டும். அன்று அம்மா தனியாக மடித்துக்கொண்டிருந்தாள். எதிர்ப்பக்கத்தில் ஆள் இல்லாததால் துணியின் நடுவைத் தாடைக்கு அடியில் இடுக்கிக்கொண்டாள். பாடிக்கொண்டிருந்தாள்.

அம்மா பாடி நான் கேட்டதே இல்லை. கதவுக்குப் பின்னால் நின்று போனில் பதிவு செய்தேன். ஏன் செய்தேன் என்று இங்கே ஒரு நல்ல காரணம் போட்டிருப்பேன், கதை இன்னும் கொஞ்சம் பொய்யாக இருந்திருந்தால்.

பாட்டு இதுதான்:

யார் படுத்த வெள்ளையோ, நான் மடிக்கிறேன்
யார் படுத்த வெள்ளையோ, நான் மடிக்கிறேன்

பிறகு நாலு தட்டு நேரத்துக்கு ஒன்றும் இல்லை. மெஷினின் இரைச்சல் மட்டும். பிறகு:

நடந்து போனாரோ தூக்கிப் போனாரோ, சொல்ல ஆளில்லை.

உண்மைதான். மேலே படுத்தவர் குணமாகி வீட்டுக்குப் போனாரா, இல்லையா என்று கீழே துவைக்கிறவர்களுக்கு யாரும் சொல்வதில்லை.

3

அப்போது நான் ஒரு ஒலிப்பதிவு ஸ்டுடியோவில் முன்மேசையில் இருந்தேன். டயர் கடைக்குப் பின்னால் இரண்டு அறை. டயர் கடைக்காரர் காற்றடிக்கும் மெஷினைப் போட்டால் பதிவு நின்றுவிடும். எல்லாரும் வெளியே வந்து டீ குடித்துக்கொண்டு நிற்பார்கள். இந்த ஆல்பத்தின் பாதி முடிவுகள் காற்றடிக்கும் நேரத்தில் எடுக்கப்பட்டவை.

இந்தக் கதைக்கு அங்கே இரண்டு பேர் போதும். (டிரம்ஸ் வாசித்தவர் கோபித்துக்கொள்வார். கோபித்துக்கொள்ளட்டும்.)

ஒருவர் தொண்டை. பாட்டும் கிட்டாரும் அவர். பகலில் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறார். பதினைந்து வருடமாக "பிரேக்கு, பிரேக்கு" என்று கத்தித்தான் குரல் இப்படிக் கரகரத்துப்போனது என்பார். இன்னொருவர் காது. ஸ்டுடியோ அவருடையது, பதிவு செய்வதும் அவர்தான். அடுத்த தெருவில் குக்கர் விசில் அடித்தால் எத்தனையாவது விசில் என்று சொல்வார். என்னை இரண்டு பேரும் டிகிரி என்று கூப்பிடுவார்கள். பாசமாகத்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எட்டுப் பாட்டு முடிந்துவிட்டது. ஒன்பதாவதாக மெதுவாக ஒன்று வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தார்கள். ஒரு நாள் காற்றடிக்கும் நேரம். என் போன் மேசையிலிருந்த சின்ன ஸ்பீக்கரில் மாட்டியிருந்தது. ஒன்று முடிந்து அடுத்தது, அடுத்தது என்று தானாக ஓடி அம்மாவிடம் வந்து நின்றது.

தொண்டை டீயை வாயருகே கொண்டுபோனவர் அப்படியே நின்றார்.

"டிகிரி, இது என்ன?"

"ஒண்ணுமில்லண்ணே." நிறுத்தப் போனேன்.

"கைய எடு. எடுங்கிறேன்ல. முதல்ல இருந்து போடு."

போட்டேன். காது கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "பின்னாடி ஒரு இரைச்சல் ஓடுது பாரு. சுருதிப் பெட்டி மாதிரி அசையாம நிக்குது."

"யாரு பாடுறது?" என்றார் தொண்டை.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். சேர்ந்த புதிதில் அம்மா என்ன வேலை என்று கேட்டார்கள். ஆஸ்பத்திரியில் என்றேன். அதில் பொய் இல்லை. "ஓ, நர்சா?" என்றார் தொண்டை. நான் இல்லை என்று சொல்லவில்லை. அவ்வளவுதான் செய்தேன், சும்மா இருந்தேன். அதற்குப் பிறகு அவர் அத்தைக்கு ஒவ்வொரு தடவை மாத்திரை மாறும்போதும் "அம்மாகிட்ட கேட்டுச் சொல்லு, இது சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியா" என்பார். நான் இன்டர்நெட்டில் பார்த்து, ஒரு மணி நேரம் கழித்து, "அம்மா பின்னாடின்னு சொன்னாங்க" என்பேன்.

இந்த நிலைமையில் யார் பாடுகிறார்கள் என்று கேட்டால் என்ன சொல்வது?

"தெரியலண்ணே. எங்கேயோ பதிவு பண்ணது. பழைய பாட்டு."

"யாரு கட்டினது?"

"யாரும் இல்ல. மரபுப் பாடல்."

அந்த வார்த்தை அவர்களுக்கு வராது. எனக்கு வரும். அதற்குத்தான் படித்தேன்.

4

(இந்தப் பகுதியை முதலில் எழுதியபோது தொண்டை ஒரு திருடன். சின்னப் பெண்ணின் போனிலிருந்து பாட்டைச் சுட்டு, பேரும் புகழும் வாங்கிக்கொள்கிறவர். படிக்க விறுவிறுப்பாக இருந்தது. கோபத்தைக் கொட்ட ஒரு முகம் கிடைத்தது. ஆனால் அவர் என்னை மூன்று தடவை கேட்டார். பதிவுக்கு முன்னால் ஒரு தடவை, முடிந்த பிறகு ஒரு தடவை, பின்னட்டை அச்சுக்குப் போன அன்று ஒரு தடவை. "யாரோ ஒருத்தங்க இருப்பாங்க டிகிரி, நல்லா விசாரி." மூன்று தடவையும் நான் ஒரே பதிலைத்தான் சொன்னேன். திருடனை அடித்துவிட்டேன். அந்த இடம் காலியாக இருக்கிறது. அதில் யாரை உட்கார வைப்பது என்று உங்களுக்குத் தெரியும்.)

பதிவு எப்படி நடந்தது என்று சொல்கிறேன்.

ப்ளூஸ் கணக்கு எளிது. நாலு தட்டு சேர்ந்தால் ஒரு பார். பன்னிரண்டு பார் ஒரு சுற்று. ஒரு வரியைப் பாடு, அதையே திரும்பப் பாடு, மூன்றாவதாக அதற்கு ஒரு பதிலைச் சொல்லி முடி. அம்மாவுக்கு இதெல்லாம் தெரியாது. ஆனால் அவள் பாட்டு அப்படியே அந்த அச்சில் உட்கார்ந்தது. ஒன்பதாவது பாரைத் தவிர. அங்கேதான் அந்த மௌனம்.

லாண்டிரி மெஷினின் இரைச்சலையே பாட்டுக்கு அடியில் ஓடவிட வேண்டும் என்றார் காது. அது எந்தச் சுருதிக் கட்டையிலும் சரியாக நிற்கவில்லை, இரண்டு கட்டைக்கு நடுவில் நின்றது. மெஷினை மாற்ற முடியாது. அதனால் கிட்டார் இரண்டையும், பேஸ் கிட்டாரையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி மெஷினுக்கு இறக்கினார்கள். ஒரு ஆஸ்பத்திரியின் உலர்த்தும் மெஷினுக்குச் சுருதி சேர்த்த ஆல்பம் உலகத்தில் வேறு இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது.

மௌனத்தை நிரப்பத் தொண்டை பதினாலு டேக் வாசித்தார். ஒவ்வொன்றும் நன்றாக இருந்தது, ஒன்றும் சேரவில்லை. வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி கிட்டார் வந்து உட்கார இடம் தேடிவிட்டுப் போனது.

"விட்ரு," என்றார் காது. "அங்க ஏற்கெனவே யாரோ இருக்காங்க."

"ஆரம்பிச்சிட்டியா?"

"காதக் கொடுத்துக் கேளு. நாலாவது தட்டுல அந்தம்மா சிரிக்குது."

"சிரிக்குதா? இந்தப் பாட்டுலயா?"

"லேசா. மூக்கு வழியா."

எங்கள் யாருக்கும் கேட்கவில்லை. காதுக்கு மட்டும்தான் கேட்டது. அப்படியே விட்டார்கள். தொண்டை இரண்டு வரி பாடுவார், எல்லாரும் நிறுத்துவார்கள், நாலு தட்டுக்கு மெஷின் மட்டும் ஓடும், பிறகு கடைசி வரி. பாட்டுக்குப் பெயர் 'வெள்ளை'. ஆல்பத்துக்கு 'ஈர எடை'.

5

வெளியீட்டு விழாவுக்கு இருபத்து மூன்று பேர் வந்தார்கள். அதில் ஒன்பது பேர் தொண்டையிடம் கார் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தவர்கள். வராமல் இருக்க அவர்களுக்குத் தைரியம் இல்லை.

முதல் விமர்சனம்: "நம் மொழியில் ப்ளூஸ் பாடுவது, குளிர் இல்லாத ஊரில் ஸ்வெட்டர் போட்டுக்கொள்வதைப் போல." தொண்டை அதை வெட்டிக் காரின் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டார். மூன்று மாதம் வேறு ஒன்றும் வரவில்லை.

பிறகு ஒரு பெரிய விமர்சகர் 'வெள்ளை'யைப் பற்றி இரண்டு பக்கம் எழுதினார். வெள்ளை என்பது எழுதப்படாத தாள் என்றார். அந்த நாலு தட்டு மௌனம், நவீன மனிதன் தன் வெறுமையைச் சந்திக்கும் கணம் என்றார். அவ்வளவுதான், பற்றிக்கொண்டது. வருடத்தின் சிறந்த பத்தில் வந்தது. ஒரு விருது வந்தது. மெத்தை விளம்பரத்தில் வந்தது. (மரபுப் பாடல் என்று போட்டிருந்ததால் யாரையும் கேட்கவேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை. மௌனம் வரும் இடத்தில் ஒரு ஆள் மெத்தையில் விழுந்து தூங்கிப்போவார்.) என் கல்லூரியிலேயே ஒரு கருத்தரங்கு வைத்தார்கள். போனேன்.

விமர்சகர் முக்கால் மணி நேரம் பேசினார். கேள்வி நேரம் வந்ததும் எழுந்தேன்.

"சார், வெள்ளைன்னா பெட்ஷீட்டு."

சிரித்தார்கள்.

"ஆஸ்பத்திரி பெட்ஷீட்டு சார். லாண்டிரியில அப்படித்தான் சொல்வாங்க."

"அப்படியும் வாசிக்க இடமிருக்கிறது," என்றார் விமர்சகர் பெருந்தன்மையாக.

"வாசிக்கிறதில்ல சார். துவைக்கிறது."

இந்தத் தடவை கொஞ்சம் பலமாகச் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். "நீங்க யாரும்மா?"

"ஆல்பத்துக்குப் பின்னட்டை எழுதினவ."

"அப்ப மரபுப் பாடல்னு போட்டது நீங்கதானே? யார் பாடினது, எங்க பாடினதுன்னு தெரியாதுன்னுதானே அதுக்கு அர்த்தம்? இப்ப லாண்டிரின்னு எப்படிச் சொல்றீங்க?"

மைக் என் கையில் இருந்தது. அரங்கம் காத்துக்கொண்டிருந்தது. "எங்கம்மா," என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்லியிருந்தால் இந்தக் கதை இங்கே முடிந்திருக்கும். மைக்கைப் பக்கத்துப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன்.

வெளியே வந்து அவரைத் திட்டினேன், மனதுக்குள். அந்த மௌனம் என்ன என்று எனக்குத் தெரியும். நான் கண்ணால் பார்த்தேன். மௌனம் வருகிற இடத்தில்தான் அம்மா துணியைத் தாடையில் இடுக்குகிறாள். தாடையைத் திறந்தால் துணி விழுந்துவிடும், அதனால் பாட முடியாது. வெறுமையும் இல்லை, மண்ணும் இல்லை. அது ஒரு தாடை. எதிரில் ஆள் இல்லாமல் தனியாக வேலை பார்க்கிறவளின் தாடை.

அருமையான விளக்கம். இந்தக் கதையையே அதில்தான் முடிப்பதாக இருந்தேன். முடிவுப் பத்திகூட எழுதி வைத்திருந்தேன்: "உலகம் கைதட்டும் அந்த மௌனத்தை, ஒரு பெண் தன் தாடைக்கு அடியில்—"

புதன்கிழமை அதையும் அடிக்க வேண்டி வந்தது.

6

புதன்கிழமை அம்மாவிடம் சொன்னேன். எல்லாவற்றையும். பதிவு செய்ததை, ஆல்பத்தை, நர்ஸை, இரண்டு வார்த்தையை. அம்மா என் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை. போனில் பாட்டைப் போட்டேன். ஆல்பம் வந்து இரண்டு வருடம் ஆகிவிட்டது, அம்மாவுக்கு அதுதான் முதல் தடவை.

முழுக்கக் கேட்டாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"மூணாம் நம்பர் மெஷினு," என்றாள். "பெல்ட்டு மாத்தச் சொல்லி எத்தன தடவ எழுதிக் குடுத்தோம்."

"அம்மா, பாட்டு."

"பாடுறவனுக்கு ஜலதோஷமா?"

"அவரு குரலே அப்படித்தான். அம்மா, எம்மேல கோவமா?"

"நர்சுன்னு சொன்னியாக்கும்." பொத்தானை இழுத்துப் பார்த்தாள். "ஊசி போடத் தெரியுமான்னு கேக்காம விட்டாங்களே."

தாடை விளக்கத்தைச் சொன்னேன், பரீட்சையில் ஒப்பிப்பதுபோல. அம்மா என்னைப் பார்த்தாள். கொடியில் கிடந்த துண்டை உருவித் தாடைக்கு அடியில் இடுக்கிக்கொண்டாள். அப்படியே, பல்லைக் கடித்தபடி, முதல் வரியைப் பாடிக் காட்டினாள். தெளிவாகவே கேட்டது.

"தாடைய வச்சுக்கிட்டும் பாடலாம்டி. பதினாறு வருசமா மடிக்கிறேன், அதுகூடத் தெரியாதா?"

"அப்ப ஏன் நிறுத்துற?"

துண்டை மடித்தாள். "அது நெட்டச்சி வரி."

நெட்டை பெரியம்மா அம்மாவோடு எதிர்ப்பக்கம் நின்று மடித்தவள். சொந்தம் இல்லை, நான் பெரியம்மா என்று கூப்பிடுவேன். வாசலில் குனிந்து வருகிற உயரம். திடீரென்று வீட்டுக்கு வருவது நின்றுபோனது. நான் கேட்டுக்கொள்ளவில்லை, எனக்குப் பரீட்சை இருந்தது.

முதல் இரண்டு வரியும் கடைசி வரியும் அம்மா கட்டியது. நடுவில் இருக்கிற அந்த நாலு தட்டு நெட்டை பெரியம்மாவுடையது. அதற்கு வார்த்தை நிலையாகக் கிடையாது. தினம் ஒன்று புதிதாகக் கட்டுவாள். எல்லாம் மேற்பார்வையாளரைப் பற்றி. அவருக்கு விசில் என்று பெயர் வைத்திருந்தார்கள், விசிலடித்துத்தான் கூப்பிடுவாராம்.

"ஒண்ணு சொல்லேன்."

அம்மா சொல்வதற்கு முன்னாலேயே மூக்கு வழியாகச் சிரித்தாள். காது சொன்ன அதே சிரிப்பு.

"விசில் தொப்பையில விரிச்சா மூணு பேரு படுக்கலாம்."

நானும் சிரித்துவிட்டேன்.

"அத வச்சுத்தான் கடைசி வரியப் பாடுறது," என்றாள் அம்மா. "சிரிக்காம அந்த வரியப் பாட முடியாதுடி. தொண்ட அடைச்சிக்கும்."

ஒரு நாள் விசில் பின்னால் நின்று கேட்டுவிட்டார். இரண்டு பேரையும் தனித்தனியாகக் கூப்பிட்டார். இந்தப் பாட்டைக் கட்டியது யார்? நெட்டை பெரியம்மா, "நான்தான். இப்ப என்ன?" என்றாளாம்.

"நீ என்னம்மா சொன்ன?"

அம்மா ஊசியை டப்பாவில் வைத்து மூடினாள். "தெரியாது சார், பழைய பாட்டு, எல்லாரும் பாடுறதுதான்னு சொன்னேன்."

அன்றே நெட்டை பெரியம்மாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அம்மா அது எந்த வருடம் என்று சொல்லவில்லை. நான் எண்ணிப் பார்த்தேன். நான் கல்லூரியில் இரண்டாம் வருடம், அம்மாவின் சம்பளத்தில்தான் ஃபீஸ்.

(இங்கே என் கோபத்தைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. எடுத்துவிட்டேன். யார்மேல் என்று கடைசிவரை முடிவாகவில்லை.)

"ரெண்டு பேரு பேரையும் போடுறேன்மா."

"அவளக் கேக்காமயா? ஒரு தடவ அவளக் கேக்காம நான் பேசினது போதாதா?"

"அப்ப உன் பேரையாவது..."

"எம்பேர மட்டும் போட்டுப் பாரு, கைய ஒடிச்சிருவேன்."

"கேக்கலாம்ல?"

"அஞ்சு வருசம் ஆச்சு," என்றாள் அம்மா. "போய் நின்னா என்னன்னு கேட்டு ஆரம்பிப்ப?"

7

வியாழக்கிழமை தொண்டைக்குப் போன் செய்தேன்.

"அண்ணே, அது எங்கம்மா பாட்டு. எங்கம்மா நர்ஸ் இல்ல. லாண்டிரியில இருக்காங்க."

அந்தப் பக்கம் யாரோ கியர் மாற்றத் தெரியாமல் கரகரவென்று இழுக்கும் சத்தம். "பிரேக்கு!" என்று ஒரு கத்தல். பிறகு, "அப்ப எங்கத்தைக்கு மாத்திரை சொன்னது யாரு?"

"நான்தாண்ணே."

ரொம்ப நேரம் பேச்சில்லை. நாலு தட்டுக்கு மேல் இருக்கும்.

"அத்தை நல்லாத்தான் இருக்காங்க," என்றார். "மூணு தடவ கேட்டேனே டிகிரி உன்ன."

"ஆமாண்ணே."

"அம்மா பேர எழுத்துப்பிழை இல்லாம அனுப்பு. நானும் கம்பெனிக்குச் சொல்லிடுறேன்."

அவர் பக்கம் தடை ஒன்றும் இல்லை. இனி ஒரே கதவு. அன்று அந்தக் கதவுக்கு மூன்று முடிவு எழுதினேன்.

அ. நெட்டை பெரியம்மா கதவைத் திறக்கிறாள். இருவரும் கட்டிப்பிடித்து அழுகிறார்கள். (பின்னால் வயலின் வேண்டும். என்னிடம் இல்லை.)

ஆ. கதவைத் திறந்து, பார்த்து, சாத்திவிடுகிறாள். (நியாயம்தான். ஆனால் அவள் கதவைச் சாத்துகிற ஆளில்லை. வாசலிலேயே நிற்கவைத்துக் கேட்பாள்.)

இ. வீட்டைக் காலிசெய்துவிட்டுப் போய்விட்டாள். புது ஆள் திறக்கிறார். (இதை எழுதியபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. அதனால் கிழித்துப் போட்டேன்.)

வெள்ளிக்கிழமை அம்மா லீவு போட்டாள். இரண்டு பஸ், மூன்றாவது மாடி. நெட்டை பெரியம்மா இப்போது ஒரு பள்ளிக்கூட பஸ்ஸில் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற வேலையில் இருக்கிறாள். மதியம் வீட்டில் இருப்பாள், இரண்டரைக்குப் பஸ் வந்துவிடும் என்று விசாரித்து வைத்திருந்தேன். கதவு திறந்தபோது ஒன்றரை.

பெரியம்மா அம்மாவை மேலிருந்து கீழே பார்த்தாள். எல்லாரையும் அவளால் அப்படித்தான் பார்க்க முடியும்.

"என்ன, மெஷினெல்லாம் ரிப்பேரா? பகல்ல வந்திருக்க."

அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றாள்.

"உள்ள வா. வாசல்ல நின்னு வாசப்படியத் தேய்க்காத." என்னைப் பார்த்தாள். "இவ யாரு, படிச்சவளா? வளந்துட்டியே. இருக்கானா அந்த விசிலு?"

"மாத்தலாகிப் போயிட்டான்," என்றாள் அம்மா. ஐந்து வருடத்தில் அவளிடம் பேசிய முதல் வார்த்தை அது.

நான் நடந்ததைச் சொன்னேன். மைக், மெத்தை, மெயில். பெரியம்மா மெத்தைக்கு மட்டும் சிரித்தாள். போனை மேசையில் வைத்துப் பாட்டைப் போட்டேன், ஆல்பத்தில் வந்ததை அல்ல. அம்மா பாடியதை.

முதல் வரி. இரண்டாவது வரி. மௌனம். மெஷின். நாலாவது தட்டு.

"ஏய்," என்றாள் பெரியம்மா. "நீ சிரிக்கிற."

காதுக்கு அடுத்தபடி அதைக் கேட்ட ஆள் அவள்தான்.

"உன் வரிக்குத்தான்," என்றாள் அம்மா.

"எந்த வரி?"

"தொப்பை."

பெரியம்மாவின் முகம் இளகியது, பிறகு இறுகியது. "நான் இல்லாதப்ப நல்லாச் சிரிச்சிருக்க. அவன் உன்னக் கூப்பிட்டுக் கேட்டான் பாரு, அன்னிக்குச் சிரிச்சிருக்கலாம்ல? அவன் மூஞ்சிக்கு நேரா. ஒரு தடவ."

அம்மா தலையைக் குனியவில்லை. அதை நான் பார்த்துக்கொண்டேன். "சிரிச்சிருக்கணும்," என்றாள். "பயந்துட்டேன்."

சாக்குச் சொல்லவில்லை. என்னைக் கைகாட்டவில்லை.

மணி இரண்டே கால். "பெரியம்மா, பேரு போடலாமா?" என்றேன். "ரெண்டு பேரையும் போட்டாத்தான் அம்மா சம்மதிப்பாங்க. நீங்க வேணாம்னா வேணாம்."

பெரியம்மா எழுந்து பால்கனிக்குப் போனாள். காய்ந்துகிடந்த ஒரு படுக்கை விரிப்பை உருவிக்கொண்டு வந்தாள். வெள்ளைகூட இல்லை, பச்சையில் பூப்போட்டது. இரண்டு மூலையைத் தன் கையில் வைத்துக்கொண்டு மற்ற இரண்டை அம்மாமேல் வீசினாள்.

"திரும்பப் போடு," என்றாள் என்னிடம்.

போட்டேன். அம்மா பிடித்துக்கொண்டாள். இழுத்து, உதறி, இரண்டு பேரும் நடக்க ஆரம்பித்தார்கள். போனில் பழைய அம்மா முதல் வரி. இந்த அம்மா வாய் திறக்கவில்லை. இரண்டாவது வரி. மூலைகள் நெருங்கின. மௌனம் வந்தது. மெஷின் ஓடியது.

நெட்டை பெரியம்மா வாயைத் திறந்தாள்.

8

அவள் என்ன பாடினாள் என்று எழுதப் போவதில்லை.

எனக்குத் தெரியும், பக்கத்தில் நின்றேன். யாரைப் பற்றிய வரி அது, மன்னித்தாளா, திட்டினாளா, பேரைப் போடச் சொன்னாளா, வேண்டாமென்றாளா, எல்லாம் அந்த நாலு தட்டுக்குள் இருந்தது. ஆனால் ஏற்கெனவே ஒரு தடவை அவர்கள் பாட்டை அவர்களைக் கேட்காமல் எடுத்துக்கொண்டுபோய்க் காட்டிவிட்டேன். போனை எடுத்துப் பதிவு செய்யக் கை பரபரத்தது. பையில் வைத்துக்கொண்டேன்.

மெயிலை நாலு ஐம்பதுக்கு பஸ் நிறுத்தத்தில் நின்று அனுப்பினேன். 'மரபுப் பாடல்' என்ற இரண்டு வார்த்தையையும் எடுக்கச் சொன்னேன். அது நிச்சயம். அந்த இடத்தில் இரண்டு பெயர் இருக்கிறதா, காலியாக இருக்கிறதா என்பதை இசைத்தட்டு வந்ததும் திருப்பிப் பாருங்கள்.

அதுவரை முடிவு வேண்டும் என்கிறவர்களுக்கு ஒரு வேலை தருகிறேன். பாட்டு ஓடட்டும். நாலு தட்டு வரும்போது விமர்சகர் மாதிரி கண்ணை மூடிக்கொள்ள வேண்டாம், மெத்தைக்காரர் மாதிரி படுத்துக்கொள்ளவும் வேண்டாம். உங்களை விசிலடித்துக் கூப்பிடுகிற ஒரு ஆள் இருப்பார். இல்லையென்றால், நீங்கள் வாய் திறக்காததால் வீட்டுக்குப் போன ஒரு ஆள் இருப்பார். அந்த நாலு தட்டில் யாருக்கு வரி கட்டுவது என்று நீங்களே பாருங்கள்.

இந்தாருங்கள், உங்கள் பக்கத்து இரண்டு மூலை. கெட்டியாகப் பிடியுங்கள். நான் இரண்டு வரி பாடிவிட்டேன்.

நடந்து வாருங்கள்.